விமானமேறும் மரக்கறி: தோட்டத்தில் அறியவேண்டியவை



உடையார்கட்டுக் குளத்தின்கீழ்ப் பெரும்போக நெல் களத்துக்கு வந்தபின், குளம் நிரம்பாத ஆண்டுகளிற் சிறுபோகத்துக்கு வயலின் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கின்றது. மறுபோகம் வரை குடும்பத்தைத் தாங்குவது மேட்டுநிலத் தோட்டமும் தோட்டக் கிணறுமேயாகும். மீள்குடியமர்ந்த காலந்தொட்டு அக்கிணறுகளை இறைத்துத் திருத்தி, வெண்டி, கத்தரி, பாகல், புடோல், பயற்றை, பச்சைமிளகாய் என்பவற்றைப் பயிரிட்டு வருகின்றோம். ஆயின் எல்லோருடைய காயும் ஒரே கிழமையிற் சந்தைக்கு வருதலால் விலை வீழ்கின்றது. நகையை அடைவு வைத்து விதையும் பசளையும் வாங்கியவர், பறிப்புக் கூலிக்கும் காணாத விலைக்குக் காயை விற்றுவிட்டு வீடு திரும்புகின்றார்.

அவ்வேளையில் இலண்டனிலோ சூரிச்சிலோ வாழும் உறவினர் ஒருவர், அங்குள்ள கடையில் ஒரு கிலோ வெண்டிக்காய் என்ன விலை என்று தொலைபேசியிற் சொல்கின்றார். அதைக் கேட்டவுடன், "நமது காயை விமானத்தில் ஏற்றினால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. இந்த எண்ணம் தவறானதன்று. நம் நாட்டு மரக்கறியும் பழமும் கட்டுநாயக்கா விமான நிலையத்தினூடாக மாலைதீவுக்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும், ஐரோப்பாவுக்கும் நெடுங்காலமாகச் சென்றுகொண்டே இருக்கின்றன. நம் களப்புகளிற் பிடிபடும் நண்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் பறப்பதும் பலர் அறிந்ததே.

எனினும், விமானமேறும் காயின் தலைவிதி விமானத்திலே தீர்மானிக்கப்படுவதன்று. காய் பறிக்கப்படும் காலையிலும், அதற்கு முந்திய இரு கிழமைகளிலும், தோட்டத்திலேயே அது தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. எங்ஙனம் என்பதை இங்கு ஒவ்வொன்றாக விளக்குவோம்.

பயணம் எவ்வளவு நீண்டது?

கொழும்பிலிருந்து மாலைதீவுக்கு விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற் செல்லும்; டுபாய்க்கு ஐந்து மணி நேரமளவிலும், இலண்டனுக்குப் பதினொரு மணி நேரமளவிலும் செல்லும். இதனைக் கேட்போர், காலையிற் பறித்த காய் மாலையில் இலண்டன் கடையில் இருக்கும் என்று எண்ணுவர். அஃது அவ்வாறன்று.

உடையார்கட்டிலிருந்து லொறி பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் மேற்கே சென்று பரந்தனை அடைய வேண்டும். பின்னர் கண்டி வீதியால் வவுனியாவுக்கும், அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகக் கட்டுநாயக்காவுக்கும் செல்ல வேண்டும். இது முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அங்கிருந்து சென்னைக்குப் பறந்தவை சிறிய விமானங்கள். தொலைதேசங்களுக்குப் பெருந்தொகையான மரக்கறியைக் கொண்டுசெல்ல அவை ஏற்றவையல்ல.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பறித்த காயைப் பின்தொடர்ந்து பார்ப்போம். அன்று முற்பகலில் அது தெரிவு செய்யப்படுகின்றது. மாலையில் லொறி புறப்பட்டுச் செவ்வாய் விடியுமுன் கட்டுநாயக்காப் பகுதியிலுள்ள பொதிசெய் நிலையத்தைச் சேர்கின்றது. அங்கே மறுபடியும் தெரிவு, குளிரூட்டல், பொதிசெய்தல் என்பன நடைபெறுகின்றன. பின்னர் தேசிய தாவரத் தொற்றுத் தடுப்புச் சேவையின் அலுவலர் பரிசோதிக்கின்றனர். சுங்க அலுவல் முடிந்து, விமானத் தளத்திற் சில மணி நேரம் காத்திருந்து, செவ்வாய் இரவு அல்லது புதன் காலை விமானமேறுகின்றது. இறங்கிய நாட்டில் மீண்டும் பரிசோதனை. வியாழனன்று மொத்த வியாபாரியிடமும், வெள்ளியன்று கடையிலும் இருக்கும். வாங்குபவர் வீட்டில் ஓரிரு நாள் வைத்துச் சமைப்பார்.

ஆகவே விமானம் பறப்பது அரை நாள்; காய் பழுதுறாது இருக்கவேண்டியதோ ஆறு நாள். எஞ்சிய ஐந்தரை நாளுக்கு வேண்டிய வலிமையைக் காய்க்குக் கொடுப்பவர் கமக்காரரே.

பறித்த காயும் சுவாசிக்கின்றது

கொடியிலிருந்து நீங்கிய காய் இறந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து சுவாசித்துத் தன்னிடம் சேமித்திருந்த மாப்பொருளையும் வெல்லத்தையும் செலவிட்டு வெப்பத்தை வெளிவிடுகின்றது. வேரிலிருந்து நீர் வருவது நின்றபின்னும் தோலினூடாக நீர் ஆவியாகிச் செல்கின்றது. நிறையில் 5 வீதமளவு நீர் போனாலே பல மரக்கறிகளில் வாட்டம் தெரியத் தொடங்கும்.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது காய் கெடும் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகின்றது. காலை 25 பாகையில் இருக்கும் தோட்டம் நண்பகலில் 35 பாகையை அடைகின்றது. அந்த வெயிலிற் சாக்கில் இருக்கும் வெண்டிக்காய், நிழலிலிருக்கும் வெண்டிக்காயைப் போல இரு மடங்கு வேகத்தில் முதுமையடைகின்றது. இவ்வாறு இழந்த ஆயுளை எந்தக் குளிர் அறையும் திருப்பித் தரமாட்டாது. குளிர் மேற்கொண்டு வரும் கேட்டைத் தாமதிக்கும். வந்த கேட்டை நீக்காது.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு 2 கிலோ வெண்டிக்காய் பறித்து உடனே கிடுகுக் கொட்டிலின் நிழலில் வையுங்கள். அதே பாத்தியில் நண்பகலில் 2 கிலோ பறித்து, வழக்கம்போல் இரண்டு மணி நேரம் வரம்பிலே விட்டு, பின்னர் முதற் கூடையின் அருகில் வையுங்கள். ஒவ்வொரு கூடையும் பறித்த வேளையிலிருந்து சரியாக ஒரு நாள் கழித்து அதனை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் குறைந்திருந்தால் 5 வீதம் போய்விட்டது என்பது கணக்கு. நிறத்தையும், நுனியை ஒடித்தால் ஒலியோடு முறிகின்றதா வளைகின்றதா என்பதையும் கவனியுங்கள்.

பறிக்கும் முறை

பனி உலர்ந்தும் வெயில் ஏறாமலும் இருக்கும் காலை வேளையே பறிப்புக்கு உகந்தது. ஈரக் காயைப் பொதி செய்தல் ஆகாது; அதிற் பூஞ்சணம் பிடிக்கும். வெண்டிக்காயைப் பூ மலர்ந்து 4 முதல் 6 நாட்களில், நார் பற்றுமுன் பறிக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தையில் நீண்ட காய்க்கு மதிப்பு இருக்கலாம். ஏற்றுமதிக்கு இளங்காயே வேண்டப்படுகின்றது. வெண்டியின் தோல் உரசினால் அவ்விடம் இரண்டு நாளிற் கறுத்துவிடும். பறிக்கும்போது தெரியாத கீறல் இலண்டனில் இறக்கும்போது கருங்கோடாகத் தோன்றும். ஆதலின் பருத்திக் கையுறை அணிந்து, காம்போடு வெட்டியெடுத்து, மெதுவாக வைத்தல் வேண்டும். வீசி எறிதல் ஆகாது.

கத்தரிக்காயைக் காம்பும் புல்லியும் சேதமுறாது கத்தியால் வெட்டுக. பாகற்காயை முதிர்ந்து மஞ்சளாவதற்குப் பல நாள் முன்பே, விதை மென்மையாய் இருக்கும்போது பறிக்க. நிலத்தில் வீழ்ந்த காயையும் மண் ஒட்டிய காயையும் ஏற்றுமதிக் கூடையில் இடற்க. மண்ணோடு வரும் எதனையும் இறக்குமதி செய்யும் நாடுகள் ஏற்பதில்லை.

சாக்கில் அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஆட்களும் ஏறியிருந்து செல்லும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். நம் நாட்டில் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றன என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் மதிப்பீடு. இதனாலேயே 2011 இறுதியிற் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முயன்றது. செலவையும் இடத்தையும் காட்டிப் பலர் எதிர்த்தனர். உள்ளூர்ச் சந்தைக்கு எதுவாயினும், விமானமேறும் காய்க்குச் சாக்கு உதவாது. கூடையை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிரப்பினால், மேற்கூடையின் பாரம் கூடையின் சுவரில் விழுமேயன்றிக் காயில் விழாது.

குளிர் அறை இல்லாதவர் செய்யத்தக்கது

புதுதில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனம், மின்சாரமின்றிக் குளிர்விக்கும் ஓர் எளிய அறையை வகுத்தது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் 7.5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அதில் ஆற்றுமணலை நிரப்ப வேண்டும். நீளம் 165, அகலம் 115, உயரம் 67.5 சென்ரிமீற்றர். மேலே நனைந்த சாக்கு வேய்ந்த மூடி. மணலைக் காலையும் மாலையும் நனைத்துவந்தால், நீர் ஆவியாகும்போது சுவரின் வெப்பத்தை எடுத்துச்செல்லும். உள்ளே குளிர்ச்சியும் ஈரப்பதனும் நிலைக்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்குப் பயன் மிகும். வன்னியிற் சோழகக்காற்று வீசும் மாதங்களில், நிழலில் அமைத்த இத்தகைய தொட்டி வெளி வெப்பத்திலும் 10 பாகைக்கு மேற் குறைந்திருக்கக்கூடும். மாரியில் இதன் பயன் சிறிது. லொறி வரும்வரை காயை வைத்திருக்க இது போதும். ஆயினும் நீர் காயின்மேற் சொட்டலாகாது.

குளிர் மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதலும் பிழை. நம் வெப்ப நாட்டு மரக்கறிகள் கடுங்குளிரால் ஊறுபடுவன. வெண்டிக்கும் பச்சைமிளகாய்க்கும் 7 முதல் 10 பாகையும், கத்தரிக்கும் பாகலுக்கும் 10 முதல் 12 பாகையும், வாழைக்கு 13 முதல் 14 பாகையும் தக்கவை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையிற் பல நாள் கிடந்த கத்தரிக்காயிற் குழிகள் விழுவதும், விதை கறுப்பதும் இக்காரணத்தாலேயே. காயின்மேல் ஐஸ் கட்டிகளை நேரே கொட்டுதல் ஒருபோதும் கூடாது.

மேலும், பழுத்த வாழையும் பப்பாசியும் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு பட்டால் பாகல் மஞ்சளாகும். கத்தரியின் காம்பு கழலும். ஆதலின் பழத்தையும் காயையும் ஒரே லொறியில் அடைத்து ஏற்றற்க.

ஒரு புழு ஒரு நாட்டையே தடுக்கும்

விமானத்தில் அனுப்பும் மரக்கறிக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்பணி நடைபெறுகின்றது. இச்சான்றிதழ், பொதியில் இறக்குமதி நாடு தடுத்துள்ள பூச்சியும் நோயும் இல்லை என்று நம் அரசு மற்றோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்குறுதியாகும். ஒரு காயில் ஒரு பழ ஈயின் புழு காணப்பட்டால், அந்தக் காய் மட்டுமன்று, பொதி முழுவதுமே அழிக்கப்படலாம்.

அவ்வாறு பலமுறை நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயல்நாடாகிய இந்தியாவே சான்று. 2013ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற மரக்கறி, பழப் பொதிகளுள் 207இல் ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிகளைக் கண்டது. அதன் விளைவாக 2014 மே 1 முதல் மாம்பழம், சேம்பு, பாகற்காய், கத்தரிக்காய், புடோலங்காய் ஆகிய ஐந்தும் தடுக்கப்பட்டன. பொதிசெய் நிலையங்களும் பரிசோதனையும் திருத்தப்பட்டபின், 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு மட்டும் வாயில் திறந்தது. மரக்கறிகள் அதன் பின்னும் நெடுநாட் காத்திருந்தன. அந்த ஐந்தினுள் மூன்று நம் தோட்டங்களில் வளர்வன என்பதை எண்ணிப் பாருங்கள். தவறு செய்தவர் சிலர். ஒரு புழுவும் இல்லாது விளைவித்தவரும் சேர்ந்தே தண்டனையை அனுபவித்தனர்.

பாகல், புடோல் என்பவற்றிற் பழ ஈயைத் தடுக்க, பிஞ்சு தோன்றி இரண்டு மூன்று நாளில் அதனைக் கடதாசி உறையால் மூடுக. ஆண் ஈயைக் கவரும் பொறிகளை வைக்க. புழுத்த காய்களைத் தோட்டத்தின் ஓரத்தில் எறியாது, ஆழப் புதைக்க; அல்லது கறுப்புப் பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் இடுக. எறிந்த ஒரு காய் அடுத்த தோட்டத்துக்கும் ஈயை வளர்த்துக் கொடுக்கும். பனிப்பூச்சி, வெண்ஈ என்பன காம்பின் மடிப்பில் ஒளிந்திருப்பன. தெரிவு செய்யும்போது அவ்விடத்தை நன்கு பார்க்க. பனிப்பூச்சியின் காரணமாகப் பாகற்காய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் தனி விதிகளை வகுத்துள்ளது. அனுப்புவதற்கு முன் அந்நேரத்து விதியைக் கேட்டறிதல் அவசியம்.

உறவினரின் பயணப் பெட்டியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கொடுத்தனுப்பும் வழக்கமும் இங்கு கவனிக்கற்பாலது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் செல்லும் பயணிகளின் கைப்பொதிக்கும் இச்சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கே அது தேவையில்லை.

மருந்தும் காத்திருக்கும் நாட்களும்

பூச்சி இருந்தால் பொதி அழியும். அதற்கஞ்சி மருந்தை அளவின்றி விசிறினாலும் பொதி அழியும். ஒரு மருந்துக்குத் தனியளவு வகுக்கப்படாதபோது, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம் ஆகும். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத இவ்வளவை ஆய்வுகூடக் கருவி காட்டிவிடும். காயைக் கழுவிவிட்டால் போதும் என்று கருதுதல் வீண். பல மருந்துகள் தோலுக்குள்ளும் சதைக்குள்ளும் செல்வன. இலங்கையிலிருந்து செல்லும் வல்லாரையும் பொன்னாங்காணியும் அண்மை ஆண்டுகளில் இக்காரணத்தாலேயே ஐரோப்பாவிற் கூடிய பரிசோதனைக்குரிய பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இங்கேதான் கமக்காரருக்கு உண்மையான சோதனை எழுகின்றது. மருந்துப் போத்தலின் சிட்டையில், விசிறியபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கவேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும். வெண்டியோ இரண்டு நாளுக்கொருமுறை பறிக்க வேண்டிய பயிர். பதினான்கு நாட் காத்திருக்கவேண்டிய மருந்தை அடித்தவர் ஏழு பறிப்புகளை இழக்க வேண்டும்; முற்றிய காயை வெட்டி எறியவும் வேண்டும். கடன் உள்ளவருக்கு அது எளிதன்று. "ஒரு கூடைதானே, யாருக்குத் தெரியும்?" என்ற எண்ணம் வரும்.

பத்துக் கமக்காரர் ஆளுக்கு 50 கிலோவாக 500 கிலோ வெண்டி சேர்த்ததாகக் கொள்வோம். ஒன்பது பேர் சிட்டையைப் பின்பற்றினர். ஒருவர் நேற்று மருந்தடித்தார். கூடைகள் கலந்தன. பரிசோதகர் எடுத்த மாதிரியில் அந்த ஒருவருடைய காய் அகப்பட்டால், 500 கிலோவும் போய்விடும். விமானக் கட்டணம் திரும்பாது. அடுத்த பொதிக்கு ஏற்றுமதியாளர் வேறு ஊரைத் தேடுவார். ஒன்பது பேரின் உழைப்பும் ஒருவரின் கூடையில் அழிந்துபோம்.

ஆதலின் ஏற்றுமதிப் பாத்தியை வேறாக ஒதுக்குக. இயன்றவரை மருந்தின்றியே பூச்சியைக் கட்டுப்படுத்துக. மருந்து தவிர்க்க முடியாதாயின், அப்பயிருக்குப் பதிவுசெய்யப்பட்டதும் காத்திருக்கும் நாட் குறைந்ததுமானதைப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெரிக. தவறி விசிறிவிட்டால் மறைக்காது, "இக்கிழமை என் காய் வேண்டாம்" என்று குழுவுக்குச் சொல்லுக. அவ்வாறு சொல்பவரை ஏனையோர் பழிக்கலாகாது. அவர் தமது ஒரு கிழமை வருமானத்தை விட்டு ஒன்பது பேரைக் காத்தவர்.

நிறையும் கட்டணமும்

விமானக் கட்டணம் நிறையை மட்டும் பொறுத்ததன்று. பெட்டி பிடிக்கும் இடத்தையும் பொறுத்தது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 6000ஆற் பிரித்தால் வருவது இட நிறை. உண்மை நிறை, இட நிறை இரண்டனுள் எது பெரிதோ அதற்கே கட்டணம்.

40, 30, 25 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 30,000, 6000ஆற் பிரித்தால் 5 கிலோ. கணக்குக்காகக் கட்டணம் கிலோவுக்கு 500 ரூபா என வைத்தால், பெட்டிக்கு 2500 ரூபா. அதில் வெண்டிக்காய் இட்டுப் பெட்டியோடு 5 கிலோ நிறுத்தால், நிறையும் இடமும் ஒக்கும். அதே பெட்டியிற் கீரை இட்டு 2½ கிலோவே நிறுத்தாலும் 2500 ரூபாவே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 1000 ரூபா ஆகிவிடும். பாரங் குறைந்து இடம் பிடிக்கும் பொருள் விமானத்துக்கு விலைமிக்க பயணி என அறிக.

அழுகலின் கணக்கையும் பார்ப்போம். 100 கிலோ காய் கிலோ 200 ரூபாவாக 20,000 ரூபா, விமானக் கட்டணம் 50,000 ரூபா, மொத்தம் 70,000. நூறு கிலோவும் நலமாகச் சேர்ந்தால் கிலோவுக்குச் செலவு 700 ரூபா. இருபது கிலோ அழுகிச் சேர்ந்தால், எண்பது கிலோ இந்தச் செலவைத் தாங்கவேண்டும். கிலோவுக்கு 875 ரூபா. அழுகிய காய்க்கும் பயணக் கட்டணம் ஒன்றே. இதனாலேதான் ஏற்றுமதியாளர் காயைப் பொறுக்கியெடுக்கின்றார். தோட்டத்து விலையையும் தாழ்த்திக் கேட்கின்றார். இலண்டன் கடையின் விலையில் விமானம், பொதி, சான்றிதழ், இறக்குமதியாளரின் நட்டப் பயம், கடை வாடகை யாவும் அடங்கியுள்ளன. அந்த விலை முழுவதும் தோட்டத்துக்கு வரும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர். விமானத்துக்குப் பயிரிடுபவனோ விதைக்கு முன்பே கணக்குப் பார்த்தல் வேண்டும்.

வானம் அடைபடும் நாட்கள்

2010 ஏப்ரலில் ஐசுலாந்து நாட்டில் எரிமலை ஒன்று வெடித்தது. அதன் சாம்பலால் ஐரோப்பிய வான்வழி ஏறக்குறைய ஒரு கிழமை அடைபட்டது. எரிமலையைக் கண்டே இராத ஆபிரிக்காவின் கென்யா நாட்டுக் கமக்காரர், விமானத்துக்குப் பறித்த பூவையும் போஞ்சியையும் குவியலாகக் கொட்டினர். 2020 மார்ச்சிற் பெருந்தொற்றால் பயணிகள் விமானங்கள் நின்றபோது, அவற்றின் அடித்தளத்தில் ஏற்றப்பட்டுவந்த மரக்கறிக்கும் இடம் அரிதாயிற்று, கட்டணமும் உயர்ந்தது. 2022இல் நம் நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, கட்டுநாயக்கா வரை லொறி செல்வதே கடினமாயிற்று.

இவற்றைக் கூறுவது அச்சுறுத்துவதற்கன்று. தோட்டம் முழுவதையும் ஒரே வாயிலை நம்பி நடலாகாது என்பதற்கே. விமானம் வராத கிழமையில் உள்ளூர்ச் சந்தையிலும் விலைபோகத்தக்க பயிரையே ஏற்றுமதிக்கும் தெரிவு செய்க. வெண்டி, கத்தரி, பாகல், பச்சைமிளகாய் என்பன அத்தகையன. நெல்லைக் கைவிட்டு இதில் இறங்குதல் அறிவுடைமையன்று. வீட்டுக்கு அரிசி இருப்பவரே சந்தையின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ள வல்லவர்.

தொடங்கும் முறை

முதலில் வாங்குபவரைத் தேடுக; பின்னர் விதையைத் தேடுக. எந்த இனம், எந்த நீளம், கிழமைக்கு எத்தனை கிலோ, எந்த நாளிற் பணம், கழிக்கப்பட்ட காய்க்கு யார் பொறுப்பு என்பவற்றை எழுத்திற் பெறுக. தனியொருவரின் 50 கிலோவுக்காக முந்நூறு கிலோமீற்றர் லொறி ஓடாது. ஆதலின் எட்டுப் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர்பின் ஒருவராகப் பத்து நாள் இடைவிட்டு விதைத்தால், கிழமைதோறும் ஒரே அளவு காய் சேரும். ஒவ்வொருவரும் முதற்போகத்திற் கால் ஏக்கருக்கு மேல் இதற்கு ஒதுக்காதிருத்தல் நலம்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கொப்பி வைத்து, விதைத்த நாள், இட்ட பசளை, விசிறிய மருந்தும் அளவும் நாளும், பறித்த நாள், நிறை என்பவற்றைக் குறித்து வருக. கூடை ஒவ்வொன்றிலும் தோட்ட இலக்கம் எழுதுக. குறை நேர்ந்தால் எந்தத் தோட்டத்தின் காய் என்பது உடனே தெரியும், குற்றமற்றவர் காக்கப்படுவர். விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கும் இக்கொப்பியே அடிப்படை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வாங்குபவரையும் நிபந்தனையையும் உறுதி செய்தபின்னரே விதைக்க.
2. காத்திருக்கும் நாள் முடியுமுன் பறித்த காயை ஏற்றுமதிக் கூடையில் இடற்க.
3. காலை வேளையிற் பறித்து, கால் மணி நேரத்துள் நிழலுக்குக் கொண்டுவருக.
4. சாக்கை விலக்குக, சுத்தமான பிளாஸ்டிக் கூடையைப் பயன்படுத்துக. வைக்கோல், வாழையிலை என்பவற்றை அடியில் இடற்க. அவற்றோடு பூச்சியும் செல்லும். சுத்தமான வெள்ளைத் தாள் போதும்.
5. புழுத்த காயைப் புதைக்க, அயலவருக்கும் சொல்லுக.
6. மாலையில் லொறியை ஏற்றுக. வெளிர்நிறப் படங்கால் மூடி, காற்றோட்டத்துக்கு இடம் விடுக.
7. கொப்பியில் எழுதாத நாள் இருத்தலாகாது.

இவை யாவும் விமானத்துக்கு மட்டும் உரியன அல்ல. புதுக்குடியிருப்புச் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் செல்லும் காயும் இவற்றால் நன்மையடையும், அழுகல் குறையும், நம் பிள்ளைகள் உண்ணும் கறியில் மருந்தும் குறையும். ஆதலின் ஏற்றுமதி கைகூடாவிடினும் இம்முயற்சி வீணாகாது.

எதிர்வரும் சிறுபோகத்தில் இதிற் சேர விரும்புவோர், விதை வாங்குமுன் தத்தம் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு பேசுக. வரும்போது சென்ற போகத்தில் விசிறிய மருந்துப் போத்தல்களின் சிட்டைகளையும் மறவாது கொண்டுவருக. நம் உரையாடல் அவற்றிலிருந்தே தொடங்கும்.